லீக்ஸ் பூவில் முளைக்கும் நகல்

மாணவர்களே, லீக்ஸ் பூத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

காய்கறிக் கடையில் லீக்ஸைப் பார்த்திருப்பீர்கள். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கட்டுக்கட்டாக வந்து குவியும். அடியில் வெள்ளை, மேலே கரும்பச்சை, வெங்காயத்தாளுக்கு அண்ணன் போல ஒரு தோற்றம். ஆனால் அதன் பூவை நம் ஊரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நானும் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் பள்ளித் தோட்டத்தில் ஆறு நெகிழிப் பைகளில் லீக்ஸ் விதைத்தேன். ஓராண்டுக்கும் மேல் தண்ணீர் ஊற்றினோம். பென்சில் கனத்தில் நின்றது, சிலவற்றை நத்தை தின்றது. பூ மட்டும் வரவே இல்லை.

காரணம் எளிது. லீக்ஸ் ஈராண்டுத் தாவரம். முதல் ஆண்டு இலை விட்டு வளரும். பிறகு குளிர்காலம் வர வேண்டும். ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழுமான குளிரைப் பல வாரங்கள் உணர்ந்த பிறகுதான் ‘இனிப் பூக்கலாம்’ என்ற நிலைக்கு அந்தச் செடி மாறும். எங்கள் பள்ளித் தோட்டத்தில் விடியற்காலையில்கூட 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பாவம், அந்தச் செடிகள் வராத குளிர்காலத்துக்காகக் காத்திருந்தன.

ஏன் பூக்கவில்லை என்று தேடிப் படிக்கத் தொடங்கியவள், கடைசியில் என் பாடக்குறிப்பையே திருத்த வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம், நார்தம்பர்லாந்து என்ற பகுதிகள் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்போனவை. சுரங்கத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் தங்கள் சிறு தோட்டங்களில் லீக்ஸ் வளர்த்து, இலையுதிர் காலம் தொடங்கும்போது போட்டிக்குக் கொண்டுவருவார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் போட்டிகள் நடக்கின்றன. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் போட்டி நிற்கவில்லை. அங்கே ‘பாட் லீக்’ என்று ஒரு வகை. வெள்ளைத் தண்டு 6 அங்குல உயரத்தைத் தாண்டக்கூடாது, ஆனால் பருமன் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். நடுவர்கள் அளவுநாடா வைத்துக் கன அளவைக் கணக்கிடுவார்கள். போட்டி நெருங்கும் நாள்களில் எதிரி யாராவது வந்து வெட்டிவிடுவாரோ என்ற பயத்தில் இரவெல்லாம் தோட்டத்தில் காவல் இருந்தவர்களும் உண்டு. காய்கறிக்கா இவ்வளவு என்று சிரிக்காதீர்கள். நம் ஊரில் பாடும் பறவைகளுக்கு நடக்கும் போட்டியைப் பாருங்கள்.

இப்போது கேள்வி. உங்கள் லீக்ஸ் முதல் பரிசு வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டும் அதே போன்ற லீக்ஸ் வேண்டும். என்ன செய்வீர்கள்?

“விதை எடுப்போம் டீச்சர்” என்று என் வகுப்பில் உடனே குரல் வந்தது. எடுக்கலாம். பரிசு வாங்கிய செடியைச் சூப் வைத்துவிடாமல் மீண்டும் மண்ணில் நட்டால், குளிர்காலம் கழிந்து அடுத்த கோடையில் ஓர் ஆள் மார்பளவு உயரத்துக்குத் தண்டு எழும்பும். அதன் உச்சியில் பந்து போல ஒரு பூக்கொத்து. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள். தேனீக்கள் வந்து மொய்க்கும். பிறகு கறுப்பு விதைகள் கிடைக்கும்.

ஆனால் அந்த விதைகளுக்குள் இருப்பது பரிசு வாங்கிய லீக்ஸ் அல்ல. வெங்காயத்தின் செல்லில் 16 குரோமோசோம்கள், எட்டு எட்டாக இரண்டு தொகுதி. லீக்ஸின் செல்லில் 32, எட்டு எட்டாக நான்கு தொகுதி. நான்கு சீட்டுக்கட்டுகளை ஒன்றாகக் கலைத்துப் பாதியை எடுத்துக் கொடுப்பது போலத்தான் அதன் ஒவ்வொரு முட்டை செல்லும் ஒவ்வொரு மகரந்தத்தூளும் உருவாகின்றன. மறுபாதி எங்கிருந்து வருகிறது? தேனீ எங்கே உட்கார்ந்துவிட்டு வந்ததோ அங்கிருந்து. பக்கத்துத் தோட்டக்காரரின் ஒல்லி லீக்ஸாகவும் இருக்கலாம். தேனீயை விரட்டி, அதே செடியின் மகரந்தத்தையே பயன்படுத்தினால்? அதிலும் சிக்கல். லீக்ஸ் வேறு செடியோடு கலந்தே பழகியது. தன்னோடு தானே சேர்ந்தால், மறைந்திருந்த குறைபாடுள்ள மரபணுக்கள் இணைசேர்ந்து பல நாற்றுகள் நோஞ்சானாகிவிடும்.

அந்தச் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மரபியல் படித்தவர்கள் அல்லர். விதை ஏமாற்றுகிறது என்பது மட்டும் அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்தது. அவர்கள் கண்ட வழி இதுதான்: கோடையில் லீக்ஸ் தண்டின் உச்சியில் பூமொட்டுகள் திரண்டு நிற்கும்போது, கத்தரிக்கோலை எடுத்து அத்தனை மொட்டுகளையும் மழித்துவிடுவது. தலையை மொட்டையடிப்பது போல. பூ போய்விட்டது, விதை போய்விட்டது. ஆனால் சில வாரங்கள் கழித்து, அந்த மொட்டைத்தலையில் பூக்காம்புகள் இருந்த அடிப்பகுதியிலிருந்து பச்சைப்பசேலெனக் குட்டிக் குட்டி லீக்ஸ்கள் முளைக்கும். அவற்றைத் தோட்டக்காரர்கள் ‘புல்’ என்கிறார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். சில தலைகளில் இலைக்குப் பதிலாகக் கெட்டியான சிறு குமிழ்கள் வரும். அவற்றைக் குமிழ்மொட்டு எனலாம். இலையுதிர் காலத்தில் இவற்றைப் பிய்த்து, நல்ல மண்கலவையில் நட்டு, குளிர்காலம் முழுவதும் விளக்கொளியும் கதகதப்பும் கொடுத்து வளர்ப்பார்கள். ஒவ்வொன்றும் தாய்ச்செடியின் நகல். மகரந்தம் இல்லை, முட்டை இல்லை, கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டும் இல்லை. வெறும் மைட்டோசிஸ்.

(பூத்து முடிந்த லீக்ஸ் வாடும்போது வேரடியிலும் சில சிறு குமிழ்கள் உருவாகும். அவையும் நகல்களே. ஆனால் எண்ணிக்கை குறைவு.)

இதைப் படித்தபோது நான் என் பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். உங்களிடமும் அதே அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் பால்வழி இனப்பெருக்கம்: பூ, விதை, வேறுபாடு உண்டு. மறுபக்கம் பாலிலா இனப்பெருக்கம்: தண்டு, இலை, கிழங்கு, வேறுபாடு இல்லை. பாடநூலில் ‘பெம்பியாக்கான் வெகெத்தாத்திஃப்’ என்று இஞ்சி, உருளைக்கிழங்கு, ரணகள்ளி படங்களோடு வந்திருக்கும். தேர்வில் இதிலிருந்து ஒரு கேள்வி வரும், நீங்கள் எழுதுவீர்கள், நாங்கள் மதிப்பெண் போடுவோம்.

லீக்ஸ் புல்லை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? அது முளைப்பது பூங்கொத்தில். பூ பால்வழி இனப்பெருக்கத்தின் உறுப்பு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் பிறப்பதோ நகல்.

உறுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. பூவா தண்டா, விதையா கிழங்கா என்று கேட்பது அரைகுறைக் கேள்வி. புதிய செடியின் முதல் செல் எப்படி உருவானது என்று கேளுங்கள். மெயோசிஸ் நடந்ததா? இரண்டு செல்கள் இணைந்தனவா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் அது நகலா புதுக்கலவையா என்பது தெரிந்துவிடும். நம் அட்டவணை இந்தக் கேள்விகளைக் கேட்காமல், உறுப்பின் பெயரை வைத்தே விடையைக் கொடுத்துவிடுகிறது. அட்டவணை தவறு என்று சொல்லவில்லை. பெரும்பாலான செடிகளுக்குச் சரிதான். ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர் லீக்ஸ் தலையைப் பார்த்தால் விழிப்பார்.

விழித்தவர்களில் நானும் ஒருத்தி. சில ஆண்டுகளுக்கு முன் படிவம் ஒன்று தேர்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: தாய் மரத்தின் பண்புகள் மாறாமல் கன்றுகள் வேண்டும் என்றால் ஒரு விவசாயி என்ன செய்யலாம்? ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக. எல்லோரும் வாழைக்கன்று, மரவள்ளித் தண்டு என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் “மங்குஸ்தீன் விதையை நடலாம்” என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். அவள் விடைத்தாளோடு வந்தாள். “டீச்சர், எங்கள் தாத்தா ஒரே மரத்துப் பழத்திலிருந்து மூன்று விதை போட்டார். மூன்று மரத்துப் பழமும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்றாள். “விதை என்றால் வேறுபாடு வரும்மா, புத்தகத்தைப் பார்” என்று அனுப்பிவிட்டேன்.

அவள் சொன்னதுதான் சரி. மங்குஸ்தீன் விதை என்று நாம் சொல்வது மகரந்தச் சேர்க்கையால் உருவாவது அல்ல. சூலுக்குள் இருக்கும் தாய்த்திசுவின் செல்களே நேரடியாகக் கருவாக வளர்கின்றன. தந்தை என்று யாரும் இல்லை. எனவே மங்குஸ்தீன் விதைக்கன்று கிட்டத்தட்ட தாயின் நகல். நம் நாட்டுப் பழம், நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம், அதைப் பற்றிப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, அறிவியல் ஆசிரியைக்குத் தெரியவில்லை. அட்டவணை என் கண்ணை மறைத்துவிட்டது.

குச்சாயைக் கேளுங்கள், அது இன்னும் வேடிக்கை. மீ கோரேங்கில் போடும் தட்டையான பச்சை இலைதான். லீக்ஸுக்கும் வெங்காயத்துக்கும் உறவு. நம் வெப்பத்திலும் வெள்ளையாகப் பூக்கும், விதை வைக்கும். அந்த விதைகளில் பெரும்பகுதி கருவுறாத முட்டையிலிருந்து வருபவை. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகாமலே முட்டை உருவாகி, மகரந்தத்தின் மரபணு சேராமலே கருவாகிவிடுகிறது. சில விதைகள் மட்டும் வழக்கமான முறையில் உருவாகின்றன. ஒரே பூங்கொத்தில் நகலும் உண்டு, கலவையும் உண்டு, வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு விதை. லீக்ஸில் நாம் கத்தரிக்கோல் எடுத்துச் செய்வதைக் குச்சாய் தானே செய்துகொள்கிறது.

அப்படியானால் நகல்தான் நல்லதா? என் வகுப்பில் அடுத்து இந்தக் கேள்விதான் வந்தது. “எதற்கு நல்லது?” என்று திருப்பிக் கேட்டேன்.

போட்டி லீக்ஸ் வளர்ப்பவருக்கு வேண்டியது சில டஜன் செடிகள். அவருக்குப் புல் போதும். ஏக்கர் கணக்கில் லீக்ஸ் பயிரிடும் விவசாயிக்கு? ஒவ்வொரு தலையாக மொட்டையடித்து, ஒவ்வொரு புல்லாகப் பிய்த்து, குளிர்காலம் முழுக்க விளக்குப் போட்டுக் காப்பாற்ற முடியாது. விதை சிறியது, காய்ந்தது, பொட்டலத்தில் போட்டுக் கப்பலில் அனுப்பலாம், இரண்டு மூன்று ஆண்டு வைத்திருக்கலாம். நோய் விஷயத்திலும் விதைக்கு ஒரு சாதகம் உண்டு. தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் புல்லிலும் அது இருக்கும். லீக்ஸைத் தாக்கும் மஞ்சள் வரி வைரஸ் அசுவினிகளால் பரவுகிறது, விதை வழியாக அல்ல. பூண்டு வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நாம் வாங்கும் பூண்டு வகைகள் விதை வைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பல்லை நட்டே வளர்ப்பதால் வைரஸும் கூடவே பயணம் செய்கிறது.

விவசாயியின் விதைப் பொட்டலத்துக்குள்ளேயும் நகல் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கடையில் கிடைக்கும் கலப்பின லீக்ஸ் விதைகளை உருவாக்க, மகரந்தம் தராத தாய்ச்செடி வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் அதை விதையால் அப்படியே பெருக்க முடியாது. எனவே அந்தத் தாய்ச்செடியை நகலெடுத்துப் பெருக்கி வரிசையாக நட்டு, பக்கத்தில் வேறு வகை லீக்ஸின் மகரந்தம் சேர வைத்து விதை எடுக்கிறார்கள். தாய் நகல், பிள்ளை கலவை. அட்டவணையின் இரண்டு பக்கமும் ஒரே பொட்டலத்தில்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இன்று பரிசு வாங்கும் ஒவ்வொரு நகல் லீக்ஸுக்கும் ஆதியில் ஒரு விதை இருந்தது. யாரோ ஒருவர் நிறைய விதை போட்டு, பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டு, எதிர்பாராமல் பெருத்து நின்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நகல் அதைக் காப்பாற்றித் தந்ததே ஒழிய உருவாக்கவில்லை. எல்லோரும் ஒரே வெற்றிச் செடியின் புல்லையே பகிர்ந்து நட்டால் அதைவிடப் பெரியது பிறக்க வழி மிகவும் குறைந்துவிடும். நோய் ஒன்று வந்தாலும் எல்லார் தோட்டத்திலும் ஒன்றாக வரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, வாழையில் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் உலகச் சந்தையில் விற்ற வாழை ‘குரோ மிஷெல்’ என்ற வகை. எல்லாம் கன்று வழி நகல்கள். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, பனாமா வாடல் நோய், தோட்டம் தோட்டமாக அழித்தது. 1960 வாக்கில் ஏற்றுமதியாளர்கள் அதைக் கைவிட்டு, நோயைத் தாங்கிய கெவண்டிஷ் வாழைக்கு மாறினார்கள். அதுவும் நகல்தான். 1990களில் அதே பூஞ்சையின் இன்னொரு வகை கெவண்டிஷையும் தாக்கத் தொடங்கியது. அப்போது அடிபட்டவற்றில் நம் மலேசியத் தோட்டங்களும் உண்டு. ‘வேறுபாடு இல்லை’ என்று அட்டவணையில் நீங்கள் எழுதும் இரண்டு சொற்களின் கனம் இவ்வளவு.

ஆனால் அதே ‘வேறுபாடு இல்லை’ என்பது ஒருவருக்குப் பெரிய வரம். யார் தெரியுமா? சோதனை செய்பவருக்கு. இரண்டு உரங்களை ஒப்பிட விரும்புகிறீர்கள். ஆளுக்கொரு பண்புள்ள லீக்ஸ் நாற்றுகளை எடுத்தால், பருமனாக வளர்ந்தது உரத்தாலா மரபணுவாலா என்று பிரிக்க முடியாது. ஒரே தலையிலிருந்து பிய்த்த புல்லை நட்டால் மரபணு மாறாத மாறியாகிவிடும். மீதி வேறுபாடு மண்ணாலும் நீராலும் ஒளியாலும் உங்கள் கவனக்குறைவாலும் வந்தது. அந்த வகையில், ஒரே நகலை நடும் இரண்டு தோட்டக்காரர்கள் போட்டியிடும்போது நடுவர் அளப்பது லீக்ஸை அல்ல, தோட்டக்காரரை.

தேர்வுக் கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். “பாலிலா இனப்பெருக்கத்தின் இரண்டு நன்மைகளை எழுதுக” என்று கேட்பதை ஓராண்டு நிறுத்திப் பார்ப்போம். லீக்ஸ் தலையின் படத்தைக் கொடுத்து, இதில் முளைத்திருப்பது நகலா இல்லையா, எப்படிச் சோதிப்பாய் என்று கேட்போம். திருத்த நேரம் அதிகமாகும், தெரியும். ஆளுக்கொரு விடை வரும், மதிப்பெண் திட்டத்தில் இல்லாத விடையும் வரும். வரட்டுமே. அதில் ஒரு மங்குஸ்தீன் விடையும் இருக்கும்.

உங்களுக்குச் செய்துபார்க்க லீக்ஸ் தலை கிடைக்காது, குளிர் இல்லை. சிலர் கடை லீக்ஸின் வேர்ப்பகுதியை வெட்டி நீரில் வைத்து, இலை வளர்ந்ததும் இனப்பெருக்கம் செய்துவிட்டேன் என்று படம் அனுப்புகிறீர்கள். அது இனப்பெருக்கம் இல்லை. லீக்ஸின் உண்மையான தண்டு வேருக்கு மேலே இருக்கும் மெல்லிய தட்டுதான், வெள்ளைப் பகுதி முழுவதும் இலையுறை. அந்தத் தட்டிலுள்ள வளர்நுனி மீண்டும் இலை விடுகிறது. வைத்தது ஒன்று, இருப்பதும் ஒன்று. குச்சாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொத்தைப் பிரித்து மூன்று தொட்டிகளில் நடுங்கள். ஒன்றைப் பூக்க விட்டு, விதை கறுத்ததும் எடுத்து உடனே விதையுங்கள், பழைய விதை சரியாக முளைக்காது. பிரித்து நட்டதையும் விதையில் வந்ததையும் அருகருகே வைத்து இலை அகலத்தை அளந்து பாருங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள், புத்தகத்தில் உள்ளதை அல்ல.

மங்குஸ்தீன் விடை எழுதிய மாணவி இப்போது படிவம் ஐந்தில் படிக்கிறாள். சென்ற மாதம் அவளைக் கூப்பிட்டு, நீ எழுதியது சரி, நான் போட்ட கோடு தவறு என்று சொன்னேன். “அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் டீச்சர் எனக்கு முதலிடம் போனது” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் மறந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஈர நாளிதழில் சுற்றி ஐந்து மங்குஸ்தீன் விதைகள் கொண்டுவந்தாள். காய்ந்தால் செத்துவிடும் என்று தாத்தா சொல்லி அனுப்பினாராம். லீக்ஸ் இருந்த பைகளில் நட்டோம். இதுவரை மூன்று முளைத்திருக்கின்றன.